தைராக்சினோடு ஒன்பது ஆண்டுகள்: அந்தப் படபடப்பு யாருடையது?

தைராய்டு சுரப்பி போதிய அளவு இயங்கவில்லை என்று கண்டறியப்பட்டு, லெவோதைராக்சின் மாத்திரையை நான் எடுக்கத் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் நிறைவடைந்துவிட்டன. 50 மைக்ரோகிராமில் தொடங்கிய அளவு 75 ஆகி, ஒரு கட்டத்தில் 100 வரை ஏறி, இப்போது 88-இல் நிலைத்திருக்கிறது. சோர்வு, குளிர் தாங்காமை, முகவீக்கம், மலச்சிக்கல் ஆகியவற்றை இந்த மாத்திரை சில மாதங்களில் சரிசெய்துவிட்டது. அந்த வகையில் எனக்குக் குறையொன்றும் இல்லை. இந்த ஒன்பது ஆண்டுகளில் என்னை உண்மையில் அலைக்கழித்தது பதற்றம்தான். நெஞ்சு படபடக்கும் ஒவ்வொரு முறையும், அது மாத்திரையின் வேலையா, மனத்தின் வேலையா என்ற கேள்வி எழும். அந்தக் கேள்வியே அடுத்த படபடப்புக்குக் காரணமாகிவிடும்.

மாத்திரை தொடங்குவதற்கு முன்பும் எனக்குப் பதற்றம் இருந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். தைராய்டு மிகையானால்தான் பதற்றம் வரும், குறைந்தால் மந்தம்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஹார்மோன் குறைபாட்டிலும் பதற்றமும் மனச்சோர்வும் வரக்கூடும் என்று மருத்துவர் விளக்கிய பிறகுதான், அதற்கு முந்தைய ஓராண்டுக் காலம் காரணமில்லாமல் நடுராத்திரியில் விழித்துக்கொண்டு கிடந்ததன் பொருள் எனக்கு ஓரளவு புரிந்தது.

இருந்தும் முதல் வாரத்திலேயே ஒரு தவறு செய்தேன். மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த தாளை விரித்து, பக்கவிளைவுகளின் பட்டியலை வரி விடாமல் படித்தேன். படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை, வியர்வை என்று அதில் எழுதியிருந்த அனைத்தும் மறுநாள் காலை மாத்திரையை விழுங்கிய இருபதாவது நிமிடத்தில் எனக்கு வந்துவிட்டன. இன்று அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று சிரிப்பு வரவில்லை.

அந்த இருபது நிமிடக் கணக்கு ஏன் பொருந்தாது என்பதை மருத்துவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். மாத்திரையில் இருப்பது டி4 என்ற ஹார்மோன். உடல் அதைச் சிறிது சிறிதாக டி3-ஆக மாற்றித்தான் பயன்படுத்துகிறது. இரத்தத்தில் உள்ள டி4 பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ ஒரு வாரம் பிடிக்கும் என்பதால், ஒரு நாள் மாத்திரை அந்த நாளின் நிலையைப் பெரிதாக மாற்றுவதில்லை; அளவை மாற்றினால் அதன் முழு விளைவு தெரிய ஆறு வாரங்கள் ஆகும்; அதனால்தான் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; உடலில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் இது ஏறும், மிகையானால் இறங்கும்) பரிசோதனையையும் ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்தே செய்யச் சொல்கிறார்கள். மாத்திரை வாரக்கணக்கில் வேலை செய்கிறது, பதற்றமோ நிமிடக்கணக்கில் எழுந்து அடங்குகிறது என்ற இந்த ஒரு வேறுபாட்டைத்தான் அதன் பிறகு என் அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

அளவுகோல் கையில் இருந்தும் இரண்டாம் ஆண்டில் பொறுமை இழந்து, யாரிடமும் கேட்காமல் மாத்திரையைப் பாதியாக உடைத்து விழுங்கத் தொடங்கினேன். இரண்டு மாதங்களில் டி.எஸ்.எச். 11-ஐத் தாண்டியது. சோர்வு முழுவதும் திரும்பி வந்தது. பதற்றம் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. செய்யக்கூடாததைச் செய்து கற்றுக்கொண்ட பாடம் அது.

இதற்கு நேர் எதிரான அனுபவம் நான்காம் ஆண்டில் வாய்த்தது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அதுவரை மாத்திரையை விழுங்கிய கையோடு காபி குடிப்பது என் வழக்கம். காபி இந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும் என்பது எனக்குத் தெரியாது. மருத்துவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. டி.எஸ்.எச். 6.4 என்று வந்ததால் அளவு 75-இலிருந்து 100 ஆக உயர்த்தப்பட்டது. அதே வாரத்தில், மாத்திரைக்குப் பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை எதையும் உட்கொள்ளக்கூடாது என்று எங்கோ படித்துவிட்டு, காபியை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தேன். அளவும் கூடியது, உடலில் சேரும் விகிதமும் கூடியது. இரண்டும் ஒன்றாக நடந்ததை நான் கவனிக்கவே இல்லை.

ஐந்தாறு வாரங்களில் படபடப்பு தொடங்கியது. எல்லாம் மனத்தின் வேலைதான் என்று அதற்குள் நன்றாகப் பழகிப்போயிருந்த நான், மூச்சுப் பயிற்சியால் அதை அடக்கப் பார்த்தேன். அது அடங்கவில்லை. இந்தப் படபடப்புக்குத் தொடக்கமும் முடிவும் இல்லை. எந்த நினைப்பும் வருவதற்கு முன்பே, கண் விழிக்கும்போதே அது இருந்தது. படுக்கையில் இருந்தபடி எண்ணினால் நாடித்துடிப்பு 94. வழக்கமாக அது 70-ஐ ஒட்டியிருக்கும். கையை நீட்டி விரல்களின் மேல் ஒரு தாளை வைத்தால் தாள் நடுங்கியது. வழக்கத்தைவிட அதிகமாகச் சாப்பிட்டும் எடை குறைந்தது. பரிசோதித்தபோது டி.எஸ்.எச். 0.06, பொதுவாக 0.4 முதல் 4 வரை இருக்க வேண்டியது. இந்த நிலை நீண்ட நாள் தொடர்ந்தால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவதற்கும் எலும்பு அடர்த்தி குறைவதற்கும் இடமுண்டு என்று கூறி, மருத்துவர் அளவை 88-ஆகக் குறைத்தார். ஆஸ்துமா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, இடைக்காலத்துக்கு மட்டும் குறைந்த அளவில், இதயத் துடிப்பைத் தணிக்கும் ப்ரொப்ரனலோல் மாத்திரை கொடுத்தார். அளவைக் குறைத்த மறுநாளே நிம்மதி கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன், கிடைக்கவில்லை. ஏறும்போது வாரக்கணக்கில் ஏறியது இறங்கும்போதும் வாரக்கணக்கில்தான் இறங்கியது. அந்த ஐந்து வாரங்கள்தான் ஒன்பது ஆண்டுகளில் மிகக் கடினமான காலம்.

அதற்குப் பிறகு ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொண்டேன். காலையில் எழுவதற்கு முன் எண்ணிய நாடித்துடிப்பு, மாத்திரை எடுத்த நேரம், முதல் காபியின் நேரம், உறங்கிய மணிக்கணக்கு, வாரம் ஒரு முறை எடை ஆகியவற்றைத் தவிர அதில் வேறொன்றும் எழுதுவதில்லை. தொடக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நாளைக்கு இருபது முறை துடிப்பைச் சரிபார்த்தேன். பார்க்கப் பார்க்க அது ஏறியது. ஆகவே காலையில் ஒரு முறை, அதற்குமேல் இல்லை என்று விதித்துக்கொண்டேன். உண்மையில் எனக்கு மிகுந்த பயன் தந்தது குறிப்பேடா, இந்தக் கட்டுப்பாடா என்று கேட்டால், கட்டுப்பாடு என்றே சொல்வேன்.

மாத்திரையைச் சீராக எடுப்பதும் பதற்றத்துக்கான மருத்துவத்தில் ஒரு பகுதிதான் என்பது என் கருத்து. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளை நான்கு மணி நேரம் தள்ளி எடுக்கிறேன். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் இதன் உறிஞ்சலைப் பாதிக்கலாம் என்பதால், அதைத் தொடங்குமுன் மருத்துவரிடம் சொல்கிறேன். வேறு நிறுவனத்தின் மாத்திரைக்கு மாற நேர்ந்தால் ஆறு வாரங்கள் கழித்துப் பரிசோதனை செய்துகொள்கிறேன். மாத்திரையை வெப்பமும் ஈரமும் படாத இடத்தில் வைக்கிறேன். குளியலறை அலமாரி அதற்கு ஏற்ற இடமல்ல.

பரிசோதனை முடிவும் ஒரு முறை ஏமாற்றியது. ஆறாம் ஆண்டில் முடி உதிர்கிறதென்று பயோட்டின் என்ற பி வைட்டமின் அதிகமுள்ள சத்து மாத்திரை ஒன்றை எடுத்துவந்தேன். அந்தச் சமயத்தில் வந்த அறிக்கையில் டி.எஸ்.எச். மிகக் குறைவாகவும் டி4 அதிகமாகவும் இருந்தன. அறிக்கையைப் படித்த அடுத்த நொடியே நெஞ்சு படபடத்தது; அதுவரை நன்றாகவே இருந்தேன் என்பதைக் கவனிக்க வேண்டும். காலைத் துடிப்பு 70, எடையில் மாற்றமில்லை, கைநடுக்கம் இல்லை என்று குறிப்பேடு வேறு கதை சொன்னது. பயோட்டின் சில பரிசோதனை முறைகளில் குறுக்கிட்டு, ஹார்மோன் மிகையாக இருப்பதுபோல் பொய்யாகக் காட்டக்கூடும் என்று கூறி, அதைச் சில நாள் நிறுத்திவிட்டுப் பரிசோதனையை மறுபடி எடுக்கச் சொன்னார் மருத்துவர். இரண்டாவது அறிக்கையில் எல்லாம் சரியாக இருந்தன. அது முதல், பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கும் நாளில் தைராய்டு மாத்திரையை இரத்தம் கொடுத்த பிறகே விழுங்குகிறேன். விழுங்கிய சில மணி நேரத்துக்கு டி4 சற்று உயர்ந்து காட்டும்.

ஹார்மோன் அளவு சரியாக இருந்தும் வருகிற பதற்றத்துக்கு, ஹார்மோனைத் தொடாமல் தனியாக உதவி தேட வேண்டியிருந்தது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்காக உளவியல் ஆலோசகர் ஒருவரிடம் சில மாதங்கள் சென்றேன். துடிப்பு எழும்போது அதோடு போராடாமல், எழுந்து அடங்கட்டும் என்று இருந்து பார்க்கும் பழக்கம் அங்கே கிடைத்தது. இழுப்பதைவிட விடும் மூச்சை நீளமாக்குவதும், மாலை நடையும், காபியை ஒரு வேளையோடு நிறுத்தியதும் உதவின. தைராய்டுக்கென்று விற்கப்படும் சத்துப்பொடிகள் எனக்கு எந்த வகையிலும் உதவவில்லை. நெஞ்சுவலி, மயக்கம், தாளம் தப்பிய துடிப்பு ஆகியவற்றை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவை வந்தால் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இன்றும் சில காலைகளில் துடிப்பு 80-ஐத் தொடுகிறது. உறக்கம் குறைந்ததாலா, மறுபடி அளவு மிகையாகிறதா என்று ஒரு நாளில் சொல்லிவிட முடிவதில்லை. அடுத்தடுத்து பத்து நாட்கள் அப்படியே இருந்தால் மட்டும் மருத்துவரை அழைக்கிறேன். சென்ற மாதம் நான்கு நாட்கள் அப்படி இருந்தது. ஐந்தாம் நாள் 69.