டைனோ மணிக்கட்டுப் பெட்டி: வாட்ச் மேசையில் பிரித்துப் பார்த்தது

மியான்மரின் யாங்கோனில் அனவ்ரட்டா வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் வாட்ச் ரிப்பேர் மேசை போட்டிருக்கிறேன். மணிக்கட்டில் கட்டுகிற பொருள் எதுவாக இருந்தாலும் முதலில் திருப்பிப் போட்டு முதுகைப் பார்ப்பேன். முகத்தைவிட முதுகுதான் உண்மை பேசும். பேரன் அடம்பிடித்து வாங்கிய இந்த உருமாற்றக் கருவிப் பொம்மையையும் அப்படித்தான் பார்த்தேன். பேரனுடைய மதிப்புரை வேறு. அவனைப் பொறுத்தவரை இது பத்துக்குப் பன்னிரண்டு.

வாங்கிய இடம் தெயின்ஜி சந்தை. 22,000 கியாட் சொன்னார்கள், பேசி 17,000க்கு முடிந்தது. பெட்டியில் செய்தவர் பெயர் கிடையாது, ஊர் கிடையாது. படம் மட்டும் பவர் ரேஞ்சர்ஸ் டைனோ ஃப்யூரி. அதாவது நகல் என்று தெரிந்தேதான் வாங்கினோம். உள்ளே ஒரு டைனோசர் தலை, ஒரு கறுப்பு ஸ்ட்ராப், சிவப்பில் ஒன்றும் பச்சையில் ஒன்றுமாக இரண்டு சாவிகள்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: ஜப்பானில் தோஎய் நிறுவனம் 2019இல் எடுத்த ரியூசோல்ஜர் என்ற தொடரிலிருந்து உடைகளையும் சண்டைக் காட்சிகளையும் எடுத்துக்கொண்டு, நியூசிலாந்தில் புது நடிகர்களை வைத்துப் படமாக்கி, 2021இல் டைனோ ஃப்யூரி என்ற பெயரில் நிக்கலோடியன் சேனலில் விட்டார்கள். இரண்டாம் பாகம் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. ராஃப்கான் என்ற கிரகத்திலிருந்து வந்த ஸேய்ட்டோதான் சிவப்பு ரேஞ்சர். பச்சை ரேஞ்சர் இஸ்ஸி, ஓட்டப்பந்தய வீராங்கனை. கையில் கட்டிய கருவியில் சாவியைச் செருகினால் உருமாற்றம். அதற்குப் பிறகும் பூஸ்ட் சாவிகள் என்று வரிசையாக வரும், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சக்தி. எந்தச் சாவி என்பதுதான் இதில் விஷயமே. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

இந்தக் குடும்பத்துத் தொடர்களில் மணிக்கட்டுக் கருவிகளுக்குப் பஞ்சமே இல்லை. 1984இல் ஜப்பானில் வந்த பயோமேன் தொடரிலேயே கையில் கட்டிக்கொண்டு மாறினார்கள். 1996இல் வந்த பவர் ரேஞ்சர்ஸ் 'ஸியோ'வில் இரண்டு மணிக்கட்டிலும் ஆளுக்கு ஒரு ஜோடி. 1998இல் வந்த பவர் ரேஞ்சர்ஸ் 'இன் ஸ்பேஸ்' தொடரில் மூடியைத் திறந்து 3, 3, 5 என்று எண்களை அழுத்த வேண்டும். என் மகள் சின்ன வயதில் பழைய கால்குலேட்டரைக் கையில் கட்டிக்கொண்டு 335 அழுத்தித் திரிந்தவள்தான். எனக்கு இன்றும் அதுதான் பிடிக்கும். விரலுக்கு ஒரு வேலை இருக்கிறது. வெறும் சத்தமும் விளக்கும் போட்டுவிட்டு, கையைச் சும்மா உட்காரவைக்கிற பொம்மை இரண்டாம் நாளே கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

அந்த விஷயத்தில் இந்த நகல் ஏமாற்றவில்லை. தாடையைக் கட்டைவிரலால் தள்ளினால் ஸ்பிரிங் எதிர்த்து நிற்கிறது. சாவியை வைத்து அழுத்தியதும் 'டக்'கென்று கவ்விக்கொள்கிறது. அந்த 'டக்' நன்றாக இருக்கிறது. நல்ல கைப்பையின் கொக்கி மூடுகிற மாதிரி அழுத்தமான சத்தம். அச்சாணிக்குப் பிளாஸ்டிக் முளை வைக்காமல் இரும்புக் கம்பியே போட்டிருக்கிறார்கள். 17,000 கியாட் பொம்மையில் இதை எதிர்பார்க்கவில்லை. இரண்டு வாரமாகத் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் திறந்து மூடியும் தாடை தளரவில்லை. கூடவே ஓர் அசைவு உணரியும் உண்டு. கையை வீசினால் உறுமும், கண்ணில் சிவப்பு விளக்கு மின்னும். சின்னக் குழாய்க்குள் மெல்லிய ஸ்பிரிங், அதன் நடுவில் ஒரு கம்பி, அவ்வளவுதான். கை ஆடும்போது ஸ்பிரிங் கம்பியைத் தொட்டு இணைப்புக் கொடுக்கும். எளிமையானது, சீக்கிரம் கெடாது.

கோளாறு எங்கே என்று கண்டுபிடித்தது பேரன்தான்.

"தாத்தா, பச்சை போட்டாலும் சிவப்புச் சத்தம்தான் வருது."

போட்டுப் பார்த்தேன். ஆமாம், இரண்டுக்கும் ஒரே உறுமல். சாவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பற்கள் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன. பூட்டு அந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளவில்லை.

சரி, பிரித்துவிட்டேன். முதுகில் நாலு ஸ்க்ரூ, எல்லாம் நட்சத்திரத் தலை, வாட்ச் ஸ்க்ரூடிரைவரே போதும். சாவித் துவாரத்துக்குக் கீழே வரிசையாக மூன்று குட்டி சுவிட்சுகள். சாவியின் பல் எந்தச் சுவிட்சை அழுத்துகிறது என்பதை வைத்துத்தான் இது எந்தச் சாவி என்று தெரிய வேண்டும். மூன்று சுவிட்சுகளுக்குத் தனித்தனி ஒயர் இருந்தால் ஏழு சாவிகளைப் பிரித்து அறியலாம். நல்ல யோசனை. ஆனால் இவர்கள் மூன்றின் கால்களையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரே ஒயரில் பற்றவைத்துவிட்டார்கள். எந்தப் பல் எதை அழுத்தினாலும் போர்டுக்குப் போகிற செய்தி ஒன்றுதான்: யாரோ வந்திருக்கிறார்கள்.

போர்டைப் பார்த்தேன். நடுவில் கறுப்புப் பசைப் பொட்டு, அதற்குள் சிப். ஓரத்தில் ஒயர் இல்லாத இரண்டு செப்புப் புள்ளிகள் சும்மா கிடந்தன. சும்மா கிடக்கிற புள்ளியைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. ட்வீசரால் ஒரு புள்ளியையும் பொது இணைப்பையும் சேர்த்துத் தொட்டேன். இதுவரை வராத வேறோர் உறுமல் வந்தது! அடுத்த புள்ளியில் வாள் உருவுகிற சத்தம். சிப்புக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. இரண்டு ஒயரை மிச்சம் பிடித்து அதன் வாயைக் கட்டிவிட்டார்கள். இரண்டு ஒயர்களின் விலை என்ன இருக்கும்? என் மேசை இழுப்பறையில் கிடந்த துண்டுகளை வைத்தே பற்றவைத்தேன். இப்போது பச்சைக்குப் பச்சைச் சத்தம். பேரன் அன்று மாலை முழுக்க இஸ்ஸியாகவே இருந்தான்.

அடுத்தது செல். உள்ளே மூன்று எல்ஆர்44 பட்டன் செல்கள், ஒவ்வொன்றும் 1.5 வோல்ட், மொத்தம் 4.5. கூட வந்தவை ஏற்கெனவே பாதி செத்தவை. செல் இறங்க இறங்க உறுமல் இழுத்து இழுத்து, சளி பிடித்த குரலாகிவிடுகிறது. புது எல்ஆர்44 போட்டால் போதும். அதே அளவில் எஸ்ஆர்44 என்ற சில்வர் ஆக்சைடு செல் கிடைக்கும், கிட்டத்தட்ட கடைசிவரை வோல்ட் இறங்காது. ஆனால் விலை அதிகம். அதை வாட்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

செல்லைவிட முக்கியம் அதன் மூடி. இந்தப் பொம்மையில் அதற்கு ஸ்க்ரூவே இல்லை. நகத்தால் நெம்பினால் திறந்து, மூன்று செல்லும் தரையில் உருளுகின்றன. இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. பட்டன் செல்லைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் சில மணி நேரத்திலேயே உள்ளே புண்ணாக்கிவிடும், உயிருக்கே ஆபத்து. வீட்டில் தவழுகிற பிள்ளை இருந்தால், மூடியில் துளை போட்டு ஸ்க்ரூ முடுக்கிய பிறகுதான் இதைக் கையில் கொடுக்க வேண்டும். நான் ஒன்றரை மில்லிமீட்டர் ஸ்க்ரூ போட்டேன். செய்யத் தெரியாவிட்டால் எந்த வாட்ச் மேசையிலும் கேளுங்கள், அஞ்சு நிமிஷ வேலை.

ஸ்ட்ராப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: மோசம். கெட்டிப் பிளாஸ்டிக், காற்றே போகாது. ஏப்ரல் வெயிலில் கட்டிவிட்டு அவிழ்த்தால் மணிக்கட்டைச் சுற்றிச் சிவந்து கிடக்கிறது. அதை வெட்டி எறிந்துவிட்டு, அகலமான நைலான் ஒட்டுப்பட்டி கோத்துக் கொடுத்தேன்.

இங்கே பிள்ளைகள் கன்னத்தோடு கையிலும் தனக்கா என்ற மரப்பட்டைச் சாந்து பூசிக்கொண்டுதான் தெருவுக்கு வருவார்கள். காய்ந்த தனக்காத் தூள் உதிர்ந்து சாவித் துவாரத்துக்குள் போய், சுவிட்சு அழுந்தாமல் சிக்கிக்கொள்கிறது. காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் வாரம் ஒரு தடவை தட்டிவிட்டால் சரியாகிவிடும். ஈரத்துணி வேண்டாம், தூள் குழைந்து ஒட்டிக்கொள்ளும்.

சத்தம் குறைக்கிற பொத்தான் கிடையாது. மத்தியானம் தூங்குகிறவர்கள் இருக்கிற வீடு என்றால், ஸ்பீக்கர் ஓட்டைகள் மேல் உள்பக்கமாக ஒரு துண்டு ஸ்காட்ச் டேப். நான் ஒட்டவில்லை, என் மனைவி ஒட்டச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இப்போது விலைக்கு வருவோம். தாடைக்கும் அந்த 'டக்' சத்தத்துக்கும் மட்டுமே 10,000 கியாட் தரலாம். மீதி 7,000க்கு உங்களுக்குக் கிடைப்பது அரைகுறை வேலை. கையில் ஸ்க்ரூடிரைவரும் பற்றவைக்கிற கோலும் உள்ள ஆள் வீட்டில் இருந்தால் தைரியமாக வாங்கலாம். இல்லையென்றால், ஸ்க்ரூ வைத்த செல் மூடியுள்ள வேறு பொம்மை பாருங்கள், டைனோசர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இன்னொன்று. என் பேரனுடையது பேச ஆரம்பித்த செய்தி பரவி, பக்கத்துத் தெருவிலிருந்தும் இதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதே படம், அதே ஸ்ட்ராப், அதே ஸ்க்ரூ இல்லாத மூடி. அதில் ஒன்றைத் திறந்தால் மூன்று ஒயரும் ஒழுங்காக அதனதன் புள்ளியில் இருக்கின்றன! ஆக, பெட்டியைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. காசை எடுக்கும் முன் கடையிலேயே முதலில் சிவப்பு, அப்புறம் பச்சை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே குரலில் உறுமினால் அடுத்த பெட்டியைக் கேளுங்கள்.