ஈரக்காற்றைத் தாங்கும் கிட்டார் தந்திகள்
ஆண்டு முழுவதும் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் சிங்கப்பூரில், திருமண மேடைகளிலும் சமூக மன்ற நிகழ்ச்சிகளிலும் தொடர்ந்து வாசிக்கும் எனக்கு, சாதாரணத் தந்திகள் வியர்வை பட்டு விரைவில் கறுத்து ஒலி மங்குவது பெருங்கவலையாக இருந்தது. எலிக்சர் நிறுவனத்தின் பூச்சிட்ட தந்திகளான நானோவெப் வகையில், 0.010 முதல் 0.046 அங்குலம் வரை தடிமன் கொண்ட தந்தித் தொகுதியைப் பயன்படுத்தி வருகிறேன். மேலே கம்பி சுற்றப்பட்ட தடித்த தந்திகளின் இடுக்குகளுக்குள் அழுக்கு நுழையாதபடி அவற்றின்மீது முழுமையாக மெல்லிய பூச்சு இருப்பதாலும், மெல்லிய தந்திகளுக்குத் துருத்தடுப்பு இருப்பதாலும், பல வாரங்கள் கழித்தும் ஒலிப்பதிவில் அதே தெளிவு கிடைக்கிறது. ஒரே பாடலின் பகுதிகளை வெவ்வேறு நாள்களில் பதிவுசெய்து இணைப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி! விலை கூடுதல்தான். தொடக்கத்தில் விரல்களுக்குச் சற்று வழுக்கலாகத் தோன்றினாலும், கமகத்திற்காக ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு விரலை இழைக்கும்போது கீச்சொலி குறைவதால், திரையிசை மெல்லிசைக் குழுவினருக்கு இவற்றைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்.