மடோகா மேஜிகா: தொடரா, படங்களா?

மந்திர சக்தி பெறும் சிறுமிகளைப் பற்றிய 'மேஜிக்கல் கேர்ள்' வகைக் கதையை இருட்டுப் பக்கம் திருப்பிய ஜப்பானிய அனிமே 'மடோகா மேஜிகா'வுக்குள் நுழைய இரண்டு வழி: 2011இல் வந்த 12 எபிசோட் தொடர், இல்லையென்றால் அதையே சுருக்கி 2012இல் வந்த இரண்டு படங்கள்.

நேரம்: தொடர் ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. படங்கள் சுமார் நான்கு. மிச்சமாவது ஒரு மணி நேரம்கூட இல்லை!

காட்சி: படங்களில் மெருகேற்றிய ஓவியம், பெரிய திரைக்கேற்ற ஒலி. இதில் படங்களே மேல்.

அதிர்ச்சி: தொடர்தான், பேச்சே இல்லை. மூன்றாம் எபிசோட் முடிந்ததும் திரை இருண்டு நம்மைத் தனியே விட்டுவிடும்; படம் அங்கே நிற்காமல் ஓடிவிடுகிறது. அப்புறம் அந்தத் தொடக்கப் பாட்டு. கதை கறுக்கக் கறுக்க, அதில் துள்ளும் சிறுமிகளைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும். பத்தாம் எபிசோடின் கடைசியில் அது ஒலிக்கும்போது அந்த வரிகள் யாருடைய மனக்குரல் என்பதே மாறிவிடும். (சிறுமிகளுக்கு மந்திர சக்தி தரும் கியூபே என்ற குட்டிப் பிராணியை மட்டும் நம்பாதீர்கள்.)

முதல்முறை பார்ப்பவர்களுக்குத் தொடர். ஏற்கெனவே பார்த்து, 2013இல் வந்த தொடர்ச்சியான 'ரெபெல்லியன்' படத்துக்கு முன் நினைவூட்டல் வேண்டும் என்றால் படங்கள் போதும்.