முன்பணமா, சங்கமா? நண்டு விற்கும் வீட்டிலிருந்து ஓர் ஒப்பீடு

ஒன்றரை ஆண்டுக்கு முன்பு வரை எங்கள் நாட்டுப்படகில் வந்த நண்டு முழுவதும் ஒரே வியாபாரியின் தராசுக்குத்தான் போனது. இப்போது அது எங்கள் கடற்கரைச் சங்கத்தின் தராசுக்குப் போகிறது. கடலுக்குப் போகிறவர் என் கணவர். விடியற்காலையில் வலையிலிருந்து கால் ஒடியாமல் நண்டைக் கழற்றுவதும், வரவு செலவு எழுதுவதும் என் வேலை. எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்துகிறவள் என்பதால், கணக்கு நோட்டையும் திருச்சபையின் சமூகப் போதனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்தில் இதே முடிவை எடுக்க யோசிக்கும் குடும்பங்கள் பல இருப்பதால், நாங்கள் ஒப்பிட்டுப் பார்த்ததை எழுதி வைக்கிறேன். நான் சங்கத்தின் பக்கம் சாய்ந்தவள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். வலையும் இன்ஜினும் வாங்க வியாபாரி முன்பணம் கொடுப்பார். அதற்கு வட்டி கிடையாது, தவணையும் கிடையாது. ஒரே நிபந்தனை, பிடிப்பு முழுவதையும் அவருக்கே, அவர் சொல்லும் விலைக்குக் கொடுக்க வேண்டும். சங்கம் என்பது படகுக்காரர்களே உறுப்பினர்களாகச் சேர்ந்து, பல வியாபாரிகளை வரவழைத்து ஏலம் விட்டு, விற்ற பணத்தில் தரகையும் கடன் தவணையையும் பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுப்பது. அரசின் நிவாரணத் தொகைகளுக்காக நாம் பெயர் பதிந்திருக்கும் மீனவர் கூட்டுறவுச் சங்கம் வேறு. நான் பேசுவது விற்பனைச் சங்கத்தைப் பற்றி. கன்னியாகுமரிக் கடற்கரையில் கோட்டாறு மறைமாவட்டத்தின் சமூகப் பணியில் வளர்ந்து, ஊர் ஊராகப் பரவி, 1980இல் சிஃப்ஸ் என்னும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாக உருவெடுத்தது இந்த முறைதான்.

மூன்றாவது வழியாக வங்கியும் நுண்கடன் நிறுவனங்களும் இருக்கின்றன. 2018-19 மத்திய பட்ஜெட்டில் கிசான் கடன் அட்டை மீனவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அது கிடைக்கிறவர்கள் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதனால் நண்டை விற்கும் இடம் மாறிவிடாது. பெண்கள் குழுவுக்கு வரும் நுண்கடனைப் பற்றிச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: வாடைக் காற்று அடித்துப் பத்து நாள் படகு கரையில் கிடந்தாலும் வாரத் தவணை நிற்காது. இவ்விரண்டையும் இதோடு விட்டுவிடுகிறேன்.

வியாபாரிக்கு உரிய நியாயத்தை முதலில் சொல்ல வேண்டும். என் மாமனாருக்கு நெஞ்சு வலி வந்த இரவில், பதினொரு மணிக்குக் கதவைத் தட்டியதும் 20,000 ரூபாய் எண்ணிக் கொடுத்தவர் அவர்தான். கையெழுத்துக் கேட்கவில்லை, ஜாமீன் கேட்கவில்லை. சங்கத்தில் அவசரக் கடன் என்றால் மூன்று நிர்வாகிகள் கையெழுத்திட வேண்டும். அதில் ஒருவர் கடலில் இருப்பார். மழைக்காலத்தில் பிடிப்பே இல்லாத வாரங்களிலும் வியாபாரி முகம் சுளித்ததில்லை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1991இல் எழுதிய 'சென்தேசிமுஸ் ஆன்னுஸ்' சுற்றுமடல், அதாவது திருச்சபை முழுவதற்குமான போதனைக் கடிதம், தொழில் நன்றாக நடப்பதற்கு லாபம் ஓர் அடையாளம் என்று ஏற்றுக்கொள்கிறது. லாபம் மட்டுமே அளவுகோல் ஆகிவிடக்கூடாது, அந்தத் தொழிலில் இருக்கும் மனிதர்கள் தாழ்த்தப்படக்கூடாது என்றுதான் எச்சரிக்கிறது. ஆகவே வியாபாரம் செய்வதே பாவம் என்பதுபோல் நம்மில் சிலர் பேசுவதை நான் ஏற்பதில்லை. பனிக்கட்டி, வண்டி, வெளியூர்ச் சந்தை என்று அவர் போடும் முதலும் படும் பாடும் உண்மையானவை.

எங்களை முடிவெடுக்க வைத்தது வெளியே வரும் வழிதான். ஓர் ஏற்பாட்டுக்குள் நுழைவது எவ்வளவு எளிது என்று பார்ப்பதைவிட, அதிலிருந்து என்றைக்கு, எப்படி வெளியே வரலாம் என்று பார்ப்பதே முக்கியம் என்பது கணக்கை எழுதிப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

எங்கள் முன்பணம் 1,50,000 ரூபாய். விலை நாளுக்கு நாள் மாறும். கணக்கு எளிதாக இருக்க எங்கள் நோட்டின் சராசரியைச் சொல்கிறேன். வெளியில் கிலோ 400 ரூபாய்க்குப் போன நண்டுக்கு எங்களுக்குக் கிடைத்தது 350. நாளுக்கு எட்டுக் கிலோ என்றால் இழப்பு 400 ரூபாய். காற்று, மழை, திருநாள் எல்லாம் போக ஆண்டுக்கு 150 நாள் தொழில் நடந்தால் 60,000 ரூபாய். வட்டியில்லாக் கடன் என்று நாங்கள் நன்றியோடு சொல்லிக்கொண்டிருந்த பணத்துக்கு நூற்றுக்கு நாற்பது கொடுத்துக்கொண்டிருந்தோம். அதற்கும் மேலாக, அந்த 60,000 ரூபாயில் ஒரு ரூபாய்கூட அசலில் கழியவில்லை. ஐந்தாண்டு நண்டு கொடுத்த பிறகும் கடன் அதே 1,50,000தான். வெளியே வர வேண்டுமானால் முழுத் தொகையையும் ஒரே நாளில் கொண்டுவந்து வைக்க வேண்டும். கையில் அவ்வளவு பணம் இருக்கும் குடும்பம் முன்பணமே வாங்கியிருக்காது.

சங்கக் கணக்கை எதிரே வைக்கிறேன். சங்கம் வங்கி மூலம் பெற்றுத் தந்த 1,20,000 ரூபாயோடு, என் சங்கிலியை அடகு வைத்த 30,000 ரூபாயைச் சேர்த்து வியாபாரியின் கணக்கை முடித்தோம். விலை 400. எட்டுக் கிலோவுக்கு 3,200. அதில் நூற்றுக்கு மூன்று தரகு, ஆண்டுக்கு 14,400. கடனுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி, முதல் ஆண்டில் அதிகம் போனால் அதே 14,400. இரண்டும் சேர்ந்து 28,800. நகைக் கடன் வட்டி தனி. கடன் தவணையாக விற்பனையில் பத்தில் ஒரு பங்கைப் பிடிக்கிறார்கள், நாளுக்கு 320. படகு போகாத நாளில் பிடித்தம் இல்லை. இந்தப் போக்கில் மூன்றாண்டில் கடன் முடியும். வட்டி ஆண்டுக்கு ஆண்டு குறையும். வியாபாரியிடம் விட்டுக்கொடுத்த ஐம்பது ரூபாய் என்றைக்கும் குறையாது.

கணக்கில் ஏறாத ஒன்றும் உண்டு. பழைய தராசடியில் நண்டுக் கூடையைத் தூக்கி வைத்ததும், முள் நிலைப்பதற்குள் "தண்ணிக் கழிவு அரைக் கிலோ" என்று குரல் வரும். கூடையில் தண்ணீர் சொட்டியது உண்மை. ஆனால் வெகுநேரம் நிழலில் வைத்து வடியவிட்டுக் கொண்டுபோன நாளிலும் அதே அரைக் கிலோ கழிந்தது. ஒரு நாள் என் கணவர், "நல்லா வடிஞ்சிருச்சே, அண்ணே" என்றார். தராசுக்காரர் நிமிர்ந்து பார்க்காமல், "வேற எடத்துல கொடுக்குறதுன்னா கொடுங்க, மாப்ள" என்றார். வேறு இடத்தில் கொடுக்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும். லேவியர் நூலின் 19ஆம் அதிகாரம் நேர்மையான தராசும் நேர்மையான எடைக்கல்லும் வைத்திருக்கச் சொல்வதைப் பிள்ளைகளுக்கு நான் பலமுறை கற்பித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அந்த வசனம் எங்கள் கூடைக்குள் வந்து உட்கார்ந்தது.

"நீங்கள் ஒத்துக்கொண்டுதானே வாங்கினீர்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்விக்குத் திருச்சபை 1891ஆம் ஆண்டிலேயே விடை சொல்லியிருக்கிறது. திருத்தந்தை 13ஆம் லியோ, நம் முன்னோர் சிங்கராயர் என்று அழைத்தவர், 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் கூலி ஒப்பந்தத்தைப் பற்றி எழுதும்போது, இரு தரப்பும் இசைந்துவிட்டால் மட்டும் நீதி நிறைவேறிவிடாது என்கிறார். வேறு வழியின்றியோ, இதைவிடப் பெரிய கேடு வருமென்று அஞ்சியோ ஒரு தொழிலாளி கடுமையான நிபந்தனையை ஏற்றுக்கொண்டால், அவர் பலவந்தத்துக்கும் அநீதிக்கும் ஆளானவர் என்பது அவர் வாதம். அவர் பேசியது ஆலைத் தொழிலாளியின் கூலியைப் பற்றி. படகுக்காரர் தமக்குத் தாமே முதலாளி, ஆகவே இது பொருந்தாது என்று சொல்லலாம். படகு நம் பெயரில் இருந்தும் பிடித்த நண்டுக்கு விலை சொல்லும் உரிமை நம்மிடம் இல்லையென்றால், வருவது கூலிதான் என்பது என் எண்ணம். 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை, இந்தச் சுற்றுமடலை நினைவில் வைத்தே 14ஆம் லியோ என்று பெயர் ஏற்றார் என்பது, எங்கள் கணக்கு நோட்டுக்கும் உரோமைக்கும் தூரம் அதிகமில்லை என்ற தெம்பை எனக்குத் தந்தது.

1931இல் திருத்தந்தை 11ஆம் பயஸ் எழுதிய 'குவாத்ராஜெசிமோ ஆன்னோ', சிறிய அமைப்பு தானே செய்துகொள்ளக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்று வகுத்துச் சொன்னது. சங்கத்தை நான் விரும்புவதற்கு இது இன்னொரு காரணம். பாக் நீரிணையில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு நான்கு நாள் என்று கடலைப் பங்கிட்டுக்கொண்ட ஏற்பாடு இந்தக் கரையில் இருக்கிறது. கடலையே பேசிப் பங்கிடத் தெரிந்தவர்களுக்கு, ஒரு தராசை நடத்த அரசோ, கட்சியோ, வெளியூர் நிறுவனமோ தேவையில்லை. தேர்தல் காலத்தில் தலைவர் பதவிக்குக் கட்சிக்காரர்கள் போட்டியிட வந்தபோது எங்கள் சங்கம் தயங்காமல் மறுத்தது. அரசியல் வேண்டாம் என்பதால் அல்ல, விலை கேட்கும் இடத்தில் கட்சி வந்தால் எடை போடும் கையும் சாயும் என்பதால்.

அப்படியென்றால் பங்குத் தந்தை தலைவராக இருக்கலாமா என்பதில்தான் பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் எங்கள் அன்பியக் கூட்டத்தில் நீண்ட வாதம் நடந்தது. முதியவர்கள் சாமியார் இருந்தால்தான் வியாபாரிகள் மதிப்பார்கள் என்றார்கள். நான் கூடாது என்றேன், இன்றும் அதையே சொல்கிறேன். 1965இல் உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் வெளியிட்ட 'கவுதியும் எத் ஸ்பெஸ்' ஏடு, எழும் ஒவ்வொரு சிக்கலுக்கும் உடனே தீர்வு தரும் வல்லுநர்கள் என்று மேய்ப்பர்களான குருக்களை எண்ண வேண்டாம், உலகக் காரியங்கள் குருக்கள் அல்லாத பொதுநிலையினரின் பொறுப்பு என்று அவர்களிடமே சொல்கிறது. நடைமுறைக் காரணமும் உண்டு. எங்கள் கரையில் கிறிஸ்தவர், இந்து, முஸ்லிம் மூவருக்கும் படகு இருக்கிறது. சங்கம் கோயில் சொத்தாகிவிட்டால் மற்றவர்கள் ஒதுங்குவார்கள், ஏலத்தில் பலம் போய்விடும். இன்னொன்றையும் மனவருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. நம் திருவிழாக்களின் மின்விளக்குக்கும் தேர் அலங்காரத்துக்கும் பெரிய நன்கொடை தருகிறவர்களில் வியாபாரிகளும் உண்டு. அதை வாங்குவது தவறில்லை. வாங்கிய பிறகும் மறையுரையில் தராசைப் பற்றிப் பேச முடிகிறதா என்பதை ஒவ்வொரு பங்கும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். குருவானவர் பதவியில் இல்லாமல் பீடத்தில் இருந்து பேசினால் அந்தப் பேச்சுக்குக் கூடுதல் பலம் இருக்கும்.

சங்கத்தின் குறைகளையும் மறைக்கவில்லை. எங்கள் அனுபவம் ஒன்றரை ஆண்டு மட்டுமே. பெரிய புயலோ, தொடர்ந்து இரண்டு ஆண்டு பிடிப்புக் குறைவோ வந்தால் இந்தத் தவணை முறை தாங்குமா என்பதை நாங்கள் இன்னும் சந்திக்கவில்லை. சில உறுப்பினர்கள் நல்ல நண்டை இருட்டில் வெளியே விற்றுவிட்டு, ஓடு இளகியதையும் கால் ஒடிந்ததையும் மட்டும் சங்கத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அப்படி நடந்தால் ஏலத்தில் எல்லோருடைய விலையும் விழுகிறது. கணக்காளர் விடுப்பில் போனால் பணம் இரண்டு நாள் தாமதமாகும். 1961இல் திருத்தந்தை 23ஆம் யோவான் 'மாத்தேர் எத் மாஜிஸ்த்ரா' சுற்றுமடலில் கைவினைஞர்களையும் கூட்டுறவுகளையும் காக்க வேண்டும் என்று எழுதியபோது, அவர்களும் புதிய அறிவையும் முறைகளையும் கற்று மாற வேண்டும் என்று சேர்த்தே எழுதினார். எங்கள் சங்கத்தில் ரசீதைச் சரிபார்க்கத் தெரிந்த பெண்கள் ஐந்து பேர்தான். இந்தக் கோடையில் இன்னும் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுக்க எண்ணியிருக்கிறேன்.

விசைப்படகு வைத்திருப்பவர்களுக்கு நான் எதையும் பரிந்துரைக்கவில்லை. அவர்களுடைய டீசல் செலவும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் கரையில் கிடக்கும் முதலும் எங்கள் கணக்கில் அடங்காதவை. அவர்களுக்கு வேண்டிய தொகையை எங்களைப் போன்ற சிறிய சங்கம் தரவும் முடியாது. என் கொழுந்தனார் அப்படி ஒரு படகில் பங்குதாரர். அவர் இன்னும் முன்பணத்தில்தான் இருக்கிறார், வியாபாரியைப் பற்றி ஒரு குறையும் சொல்வதில்லை. போன ஞாயிறு திருப்பலி முடிந்து வீட்டுக்கு வந்தவர், காபி ஆறும்வரை என் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணி, இந்த ஐம்பது ரூபாய்க் கணக்கை மட்டும் எனக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.