நாகர்கோவில் இலவச சட்ட உதவி: என் அக்கா மகனுக்குக் கிடைத்த வக்கீல்

பதினெட்டு நிரம்பாத பிள்ளை ஏதாவது வழக்கில் மாட்டிக்கொண்டால், நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு முதலில் போங்கள். இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்றுதான் வாதாடுவார் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு உண்டு. எங்களுக்குக் கிடைத்த வக்கீலைப் பார்த்த பிறகு அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

என் அக்கா மகனுக்கு வயது 16. 19 வயதுக் கூட்டாளி ஒருவனோடு சேர்ந்து, மேற்குப் பக்கம் ஒரு தோட்டத்தில் ராத்திரி ரப்பர் ஷீட் எடுத்துவிட்டான். எடுத்தது உண்மை, அவனே சொல்லிவிட்டான். பெயரும் ஊரும் எழுத மாட்டேன். 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது.

முதலில் ஒரு தனியார் வக்கீலிடம் போனோம். 30,000 ரூபாய் கேட்டார். என்ன பிரிவில் வழக்கு என்று கேட்டால், "அதெல்லாம் நான் பார்த்துக்கிடுதேன், ஒத்துக்கிட்டா சீக்கிரம் முடிஞ்சிரும்" என்றார். ஒரு காகிதத்தைக்கூட புரட்டிப் பார்க்கவில்லை. குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கிடைக்கும் என்று ஸ்டேஷனிலும் யாரும் சொல்லவில்லை. அது 1987ஆம் வருடச் சட்டத்திலேயே இருக்கிறது.

ஆணைக்குழு மூலம் வந்தவர் ஒரு பெண் வக்கீல். பையனை உட்கார வைத்து அவர் கேட்டது: "மக்களே, ஷீட்டு எங்க கிடந்துது? புகைப்புரைக்குள்ளயா, முற்றத்துக் கொடியிலயா?" புகைப்புரை என்றால் ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் கட்டடம். அவர் ஏன் கேட்டார் என்று எனக்கு விளங்கவில்லை. எங்கே கிடந்தால் என்ன, திருட்டு திருட்டுதானே? அப்புறம்தான் அவர் சொன்னார். பொருளை வைத்துப் பாதுகாக்கும் கட்டடத்துக்குள் இருந்து எடுத்தால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 305ஆம் பிரிவு, ஏழு ஆண்டு வரை. வெளியே கொடியில் காயப்போட்டதை எடுத்தால் 303(2), மூன்று ஆண்டு வரை. மூன்று வரை என்றால் இளைஞர் நீதிச் சட்டத்தில் அது சிறு குற்றம். ஏழு வரை போனால் அது சிறு குற்றத்தில் சேராது. வழக்கில் எழுதியிருந்தது புகைப்புரைப் பூட்டை உடைத்ததாக.

மகஜரை, அதாவது கைப்பற்றிய பொருளைப் பற்றி போலீஸ் எழுதிய குறிப்பை, வாங்கி வரி வரியாகப் படித்தார். கைப்பற்றிய ஷீட் 'வெள்ளை நிறம், ஈரம்' என்று அதிலேயே இருந்தது. ரப்பர் பால் வெட்டுகிற வீட்டில் பிறந்த யாருக்கும் தெரியும், புகைப்புரைக்குள் கிடந்த ஷீட் பழுப்பேறி இருக்கும். வெள்ளையாக, ஈரத்தோடு இருந்தால் அது அன்றைக்குக் கொடியில் போட்டது. சிறார் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்னால் அவர் பேசியதில் பெரும்பகுதி இதுதான். பையன் செய்யவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. செய்தது இவ்வளவுதான் என்றார்.

அந்தக் குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள், அந்த இருவரில் ஒருவராவது பெண். பள்ளிக்கூடத்தை ஏன் நிறுத்தினாய் என்று அவர்கள் கேட்ட பிறகுதான் பையன் தலையை நிமிர்த்தினான். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கே வந்து விசாரித்து அறிக்கை கொடுத்திருந்தார். கடைசியில் கண்டித்து, கவுன்சலிங்குக்கு அனுப்பி, ஒரு முதியோர் இல்லத்தில் சமூக சேவை செய்யச் சொன்னார்கள். ஷீட்டுக்கான பணத்தை அக்கா தோட்டக்காரரிடம் கொடுத்துவிட்டாள்.

'பய தப்பிச்சிட்டான்' என்று ஊரில் பேசுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. அதிகபட்சமாக மூன்று ஆண்டு சிறப்பு இல்லத்துக்கு (சிறாரைத் தங்கவைத்துத் திருத்தும் இடம்) அனுப்ப சட்டத்தில் இடமுண்டு. ஈர ஷீட்டுக்கு மூன்று வருடமா? 2024 மே மாதம் புனேயில் கார் மோதி இரண்டு பேர் இறந்த வழக்கில், 17 வயதுப் பையனுக்கு 300 சொல்லில் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் கொடுத்தபோது நாடே கொதித்தது. அந்தக் கோபம் நியாயமானது, எனக்கும் இருந்தது. ஆனால் போன உயிருக்கு வந்த கோபத்தை ரப்பர் ஷீட் எடுத்தவன் தலையில் இறக்கி வைப்பது எந்த ஊர் நியாயம்?

மனசுக்குக் கஷ்டமாக இருப்பது அந்த 19 வயதுப் பையன் விஷயம். அதே ராத்திரி, அதே ஷீட். பெரியவரையும் சிறாரையும் சேர்த்து விசாரிக்கக் கூடாது என்பதால் அவன் வழக்கு தனி, அவன் ரிமாண்டில் ஜெயிலுக்குப் போனான். எங்கள் வக்கீல் அவனுடைய அம்மாவைத் தானாகவே கூப்பிட்டுப் பேசினார். 21 வயது ஆகாத ஒருவரை இந்த மாதிரிக் குற்றத்துக்குச் சிறைக்கு அனுப்புவதானால், நன்னடத்தையில் (ஒழுங்காக நடக்க வேண்டும் என்று சொல்லி வெளியே) விட முடியாததற்கான காரணத்தை நீதிமன்றம் எழுதியாக வேண்டும். 1958 நன்னடத்தைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது என்று விளக்கினார். அவனுக்கும் இலவச வக்கீல் கேட்டு மனு போட்டாயிற்று. வழக்கு நடக்கிறது.

போகிறவர்கள் பள்ளிச் சான்றிதழைக் கையோடு கொண்டு போங்கள், வயதுக்கு முதலில் பார்ப்பது அதைத்தான். அது இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழ். மகஜர் நகலைக் கேட்டு வாங்குங்கள். நேரில் போக முடியாதவர்கள் இலவச சட்ட உதவி எண்ணான 15100க்குக் கூப்பிடலாம்.