நைன்ட்டீஸ் ஓட்டல்: வெள்ளிக்கிழமை மட்டும் போங்கள்

பழைய டிவி, பழைய மிட்டாய், பழைய சினிமா போஸ்டர் என்று சுவர் முழுக்க அடைத்து வைத்து, நைன்ட்டீஸ் கிட்ஸ் பேரைச் சொல்லிக் கல்லா கட்டுகிற ஓட்டல்கள் இப்போது ஊருக்கு ஒன்று வந்துவிட்டன. எங்கள் ஏரியாவில் திறந்திருப்பதைப் பற்றித்தான் இது. கடைப் பேரைப் போடவில்லை, பாராட்டோடு திட்டும் கலந்திருக்கிறது, பையன்கள் இப்போதுதான் தொழில் தொடங்கியிருக்கிறார்கள், பிழைத்துப் போகட்டும்.

சாப்பாட்டை முதலில் முடித்துவிடுகிறேன். பரோட்டா சால்னா கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், கல்லிலிருந்து எடுத்த சூட்டோடு வருகிறது, சால்னாவில் தண்ணீர் விளையாடவில்லை. வெங்காயப் பக்கோடா சுமார். தூர்தர்ஷனின் பழைய இந்திப் பாட்டு நிகழ்ச்சி பேரில் ‘சித்ரஹார் சிக்கன்’ என்று மெனுவில் இருப்பது வேறொன்றுமில்லை, நாம் எல்லோரும் சாப்பிட்டிருக்கிற சிக்கன் 65தான், பேருக்காக நாற்பது ரூபாய் கூடுதல். கமர்கட், தேன் மிட்டாய், சூட மிட்டாய் எல்லாம் கண்ணாடி பாட்டிலில் அடுக்கி பில் போடும் இடத்தில் வைத்திருக்கிறார்கள், கமர்கட் நல்ல சரக்கு.

சரி, டிவிக்கு வருவோம். இந்தக் கடையின் விளம்பரமே அதுதானே.

நுழைந்ததும் எதிரே ஒரு சாலிடேர், இரண்டு பக்கமும் இழுத்து மூடும் மர ஷட்டரோடு. பக்கத்திலேயே ஒரு டயனோரா. இரண்டும் சென்னையில் தயாரான பெட்டிகள், எண்பதுகளில் தமிழ்நாட்டு வீடுகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டில் ஒன்றுதான் இருந்ததோ என்று தோன்றும் அளவுக்கு எங்கு போனாலும் கண்ணில் படும். பெட்டியைத் தேடிப் பிடித்து, மரத்துக்குப் பாலிஷ் போட்டு, குமிழ்கூட உடையாமல் வைத்திருக்கிறார்கள். அதற்கு முழு மார்க். ஆனால் உள்ளே இருந்த பிக்சர் டியூபைக் கழற்றிவிட்டு எல்இடி திரையைப் பொருத்தியிருக்கிறார்கள், அதில் ஓடும் படம் பக்கவாட்டில் இழுபட்டுக் கிடக்கிறது. அந்தக் காலத்துப் படம் அகலம் நாலுக்கு உயரம் மூன்று என்ற அளவில் எடுத்தது. அதை இன்றைய பதினாறுக்கு ஒன்பது திரையில் நிரப்பினால் செய்தி வாசிப்பவர் முகமெல்லாம் பூசணிக்காய். தூர்தர்ஷனின் அந்தச் சுழலும் கண் சின்னம்கூட முட்டை வடிவத்தில் சுழல்கிறது! மேனேஜர் தம்பியைக் கூப்பிட்டு, செட்டிங்ஸில் போய் அளவை மாற்றினால் சரியாகிவிடும் என்று சொன்னேன். “சார், அப்போ ரெண்டு பக்கமும் கறுப்பா வரும், கஸ்டமர் டிவி ரிப்பேர்னு நினைச்சுக்குவாங்க” என்றார். அதற்கு மேல் நான் என்ன பேச.

ஓடுவதெல்லாம் யூடியூபிலிருந்து எடுத்த துண்டுகள். நிர்மா விளம்பரம், ரஸ்னா விளம்பரம், கொம்பும் வாலும் வைத்த ஒனிடா ஆள், அப்புறம் திடீரென்று இன்றைய ஏதோ கடன் ஆப் விளம்பரம். காசு கட்டி அதை நிறுத்தலாம் என்பது கூடவா தெரியாது? இதற்கு மேல், படம் பழசாகத் தெரிய வேண்டுமாம், கணினியில் கோடும் புள்ளியும் சேர்த்திருக்கிறார்கள். யாரோ புண்ணியவான் வீட்டு விசிஆரில் பதிந்து வைத்த காட்சிகள்தான் பாதி, அவற்றின் அடியில் டேப் தேய்ந்த கோடு ஏற்கெனவே நெளிந்துகொண்டுதான் இருக்கிறது. அது போதாதென்று இதுவும்.

எனக்குப் பெரிய வருத்தம் வேறு. ‘நைன்ட்டீஸ்’ என்று போர்டு வைத்துவிட்டு இருபது வருஷத்தை ஒரே அண்டாவில் போட்டுக் கிண்டியிருக்கிறார்கள். ராமாயணம் 1987 ஜனவரியில் தொடங்கி அடுத்த வருஷமே முடிந்துவிட்டது. மகாபாரதம் 1988இல் ஆரம்பம். மோக்லி 1993. சக்திமான் 1997. ராமாயணத்துக்காக வீதி வெறிச்சோடிக் கிடந்ததைப் பார்த்தவர் சக்திமான் வந்தபோது மீசை முளைத்து வேலைக்கே போயிருப்பார், சக்திமானுக்காக ஞாயிற்றுக்கிழமை டியூஷனுக்கு மட்டம் போட்ட பையன் ராமாயணம் ஓடியபோது பிறந்திருக்கவே மாட்டான். நடுவில் 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி வந்தது. கம்பத்துக்குக் கம்பம் கேபிள் ஒயர் தொங்க ஆரம்பித்ததும் வீட்டுக்குள் டிவி பார்க்கிற விதமே மாறிப்போனது. போன் போட்டுப் பாட்டுக் கேட்கும் ‘பெப்சி உங்கள் சாய்ஸ்’ தலைமுறை வேறு, போடுகிற பாட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்த தலைமுறை வேறு. இரண்டு பேருக்கும் ஏக்கம் உண்டு, ஒரே ஏக்கம் இல்லை. சுவரில் ஒரு பக்கம் இதற்கு, மறுபக்கம் அதற்கு என்று பிரித்திருந்தால்கூடப் போதும்.

பக்கத்து மேசையில் தூத்துக்குடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். சுவரில் மான் கொம்பு மாதிரி மாட்டியிருந்த ஆன்டெனாவை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு மேனேஜரிடம் கேட்டார்: “ஏ தம்பி, எல்லாம் வச்சிருக்கிய, ரூபவாஹினி எங்க?” பையனுக்குப் புரியவில்லை. எனக்கு அந்த ஒரு கேள்விக்காகவே அவருடைய பில்லைக் கட்டலாம் போலிருந்தது. சென்னையில் 1975 ஆகஸ்ட் 15இலேயே தொலைக்காட்சி நிலையம் வந்துவிட்டது, ஆனால் தென்மாவட்டங்களுக்கு அந்தச் சிக்னல் எட்டவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் 1982இல் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கியதும், கடற்கரை ஊர்க்காரர்கள் உயரமான குழாய் நட்டு, பூஸ்டர் வைத்து, இலங்கைப் பக்கம் ஆன்டெனாவைத் திருப்பி கிரிக்கெட்டும் சினிமாவும் பார்த்தார்கள். “காத்தடிச்சா படம் போயிரும் அண்ணாச்சி, மழை வந்தா மொத்தமும் போயிரும்” என்று அவர் என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பேரன் போனில் இருந்து தலையைத் தூக்கி, “தாத்தா, அதுக்கு ஏன் பார்த்தீங்க?” என்றான். “வேற என்னத்தல பாக்க!”

இது சென்னைக்காரர்களின் ஏக்கத்தை மட்டும் விற்கிற கடை, அவ்வளவுதான்.

இன்னொன்று, போரடிப்பதற்கு இங்கே இடமே இல்லை. அந்தக் காலத்து டிவியில் முக்கால்வாசி போர்தான். பாட்டு வரும் வரை விவசாய நிகழ்ச்சியான ‘வயலும் வாழ்வும்’ பார்த்தாக வேண்டும், வாசகர் கடிதம் படிக்கும் ‘எதிரொலி’யைப் பார்த்தாக வேண்டும், ஞாயிறு மத்தியானம் மொழி புரியாத விருதுப் படத்தை ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்தாக வேண்டும். வேறு வழி இல்லாமல் பார்த்தே பலருக்கும் உரம் போடும் அளவும் வங்காளச் சினிமாவும் தெரியவந்தது. இங்கே ஓடுவது வெறும் கிரீம். இருபது நிமிடத்தில் திகட்டிவிடுகிறது. ஒரே ஒரு விஷயத்தில் அந்தக் காலத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள்: ஆர்டர் தாமதமானால் சர்வர் வந்து ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று அட்டை ஒன்றை மேசையில் நிறுத்திவிட்டுப் போகிறார். முதல் தடவை சிரித்தேன். பக்கோடாவுக்காக அதே அட்டை மறுபடி வந்தபோது சிரிப்பு வரவில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் போகச் சொல்கிறேன் என்றால், வெள்ளிக்கிழமை ராத்திரிக்காக. ஏழரை மணிக்கு மற்ற எல்லாத் திரைகளையும் அணைத்துவிட்டு, மூலையில் இருக்கும் ஒரே ஒரு நிஜமான டியூப் டிவியை மட்டும் போடுகிறார்கள். தூர்தர்ஷனில் அப்போது வெள்ளிக்கிழமை ராத்திரி வந்த ‘ஒளியும் ஒலியும்’ பாணியில் அரை மணி நேரம் சினிமாப் பாட்டு. ரிமோட் கிடையாது. கேட்ட பாட்டைப் போடவும் மாட்டார்கள், முதலாளியின் அம்மாதான் வாராவாரம் பாட்டை அடுக்கி பென்டிரைவில் கொடுக்கிறாராம், அடுத்து என்ன வரும் என்று பரிமாறுகிறவர்களுக்கே தெரியாது. கறுப்பு வெள்ளைப் பாட்டு ஒன்றில் ஆரம்பித்தது, முதல் இரண்டு பாட்டுக்கு ஆளாளுக்குப் போனைத்தான் நோண்டினார்கள். மூன்றாவது பாட்டின் முதல் வயலின் வந்ததும் மூன்று மேசையிலிருந்து ஒரே நேரத்தில் “ஏய்...!” என்று ஒரு சத்தம். முன்பின் தெரியாதவர்கள் திரும்பி ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்தது யாருக்கும் பிடிக்காத ஏதோ சோகப் பாட்டு, மொத்த ஓட்டலும் உச்சுக்கொட்டியது, ஆனால் யாரும் எழுந்து போகவில்லை, அதற்கடுத்தது நல்லதாக வந்துவிடாதா என்கிற நப்பாசை. பெட்டி, போஸ்டர், கோலி சோடா எதுவும் செய்யாததை அந்த அரை மணி நேரம் செய்தது. அந்த டிவியில் முகங்களும் சரியான அளவில் இருந்தன, சொல்ல மறந்துவிட்டேன்.

சாப்பாட்டுக்கு பத்துக்கு ஏழு, வெள்ளிக்கிழமைக்கு ஒன்பது, மற்ற நாள் டிவிக்கு மூன்று கொடுத்தாலே அதிகம். இரண்டு பேர் சாப்பிட அறுநூறு ரூபாய் ஆகும். ஏழு மணிக்குள் போய்விடுங்கள், மாடியில் இடம் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அங்கிருந்து அந்த மூலை தெரியாது.