எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையா, நாளுக்கு ஒருமுறையா?

யாழ்ப்பாணத்து வைத்தியசாலை விடுதியொன்றில், தன் தகப்பனுக்கு எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மெரோபெனம் என்ற நுண்ணுயிர்கொல்லி மருந்து ஏற, பக்கத்துக் கட்டில்காரருக்கு ஜென்ரமைசின் என்ற இன்னொன்று நாளுக்கு ஒரேயொரு தடவை ஏறுவதைக் காணும் மகன், "அப்பாவுக்குத்தான் வருத்தம் கூடவோ, டொக்டர்?" என்று கேட்பது நியாயமே. ஆனால் எத்தனை தடவை என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, அந்த மருந்து கிருமியைக் கொல்லும் விதமும் உடலை விட்டு வெளியேறும் வேகமுமே ஆகும்.

மெரோபெனமும் பெனிசிலினும் நேரத்தை நம்பிக் கொல்பவை. கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும் மட்டத்தின் நான்கைந்து மடங்குக்கு மேல் குருதியில் மருந்தை உயர்த்தினாலும் கொல்லும் வேகம் பெரிதாகக் கூடுவதில்லை. அம்மட்டத்துக்கு மேல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதே முக்கியம். சிறுநீரகம் நன்றாக இயங்குபவரில் மெரோபெனம் ஏறத்தாழ மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாதியாவதால், எட்டாவது மணித்தியாலத்தில் எஞ்சுவது உச்சத்தின் 256இல் ஒரு பங்கு மட்டுமே. இரவு பத்து மணி மருந்து பன்னிரண்டுக்குத் தள்ளிப்போவதை நான் சிறு தவறாகக் கருதுவதில்லை. அதே குடும்பத்துச் செப்ட்ரையக்சோன் பாதியாக எட்டு மணித்தியாலம் வரை எடுப்பதால், எலிக்காய்ச்சலுக்கு அதனை நாளுக்கு ஒருமுறை கொடுத்தாலே போதுமாகிறது. பெனிசிலினையோ ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும்.

ஜென்ரமைசினுக்கு உச்சமே பலம். தடுக்கும் மட்டத்தின் எட்டுப் பத்து மடங்கை ஒருமுறை தொட்டுவிட்டால், மருந்து வடிந்த பின்னரும் கிருமி சில மணித்தியாலம் தலைதூக்காது. கிலோவுக்கு 5 முதல் 7 மில்லிகிராமை ஒரே வேளையில் கொடுத்து நீண்ட இடைவெளி விடுவது, சிறுநீரகத்தில் மருந்து தேங்கி அதைப் பாதிப்பதையும் குறைக்கிறது. இதயவால்வுத் தொற்றில் மட்டும் சிலவேளை பிரித்துக் கொடுப்பர்.

மெரோபெனம் போன்றவற்றைத் தொடர்ச்சியாக ஏற்றினால் என்ன? 2024இல் வெளிவந்த, 7,000க்கு மேற்பட்ட தீவிர சிகிச்சை நோயாளரைக் கொண்ட பிளிங்-3 ஆய்வில், 90 நாள் இறப்பு தொடர் ஏற்றலில் 24.9 வீதம், இடைவிட்டதில் 26.8 வீதம், இறப்பு வேறுபாடு உறுதியாகவில்லை, குணமடைந்தோரின் வீதம் கூடியிருந்தது. ஆயினும் கரைத்த மெரோபெனம் எங்கள் வெக்கையில் நாள் முழுதும் தாங்காது. ஆகையால் முதல் வேளையை விரைவாகவும், அடுத்தவற்றை மூன்று மணித்தியாலம் நீட்டியும் ஏற்றுவதையே இங்கு விரும்புவேன்.

மாரியில் வயலிலிருந்து எலிக்காய்ச்சலோடு வருபவரின் சிறுநீர் குறைந்தால், ஜென்ரமைசினைத் தவிர்ப்பதே நல்லது. கொடுத்தே ஆகவேண்டுமெனில், அடுத்த வேளைக்கு முன் குருதியில் எஞ்சிய அளவு லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியதா என்று பார்த்த பின்னரே ஊசியைத் தொடவேண்டும்.